ஈன்ற பசுவும் பாலில் இறங்கும் ஓமோனும்

பையிற் பால் வாங்கும் நம் ரொக்ஸ்பரோத் தாய்மார், "இதில் ஓமோன் இருக்கின்றதாமே?" என்று அச்சத்துடன் வினவுகின்றனர். உண்டு, ஆனால் பெரும்பாலும் பசு தானே சுரந்தது. ஈன்ற பின்னர் அதன் உடலில் நிகழ்வதை அறிந்தால் இது விளங்கும்.

ஏறத்தாழ 280 நாள் சினைக்காலத்தில், சூலகத்திலுள்ள மஞ்சட்சடலம் புரோஜெஸ்தரோனைச் சுரந்து கருவைக் காக்கின்றது. ஈனும் வேளையில் அது வீழ்ச்சியடைகின்றது. ஊரிலே சாக்கிற் பொதிந்து ஆலமரத்திற் கட்டுவோமே, அந்த இளங்கொடியே சினையின் இறுதியில் ஈஸ்திரஜனை மிகுதியாகச் சுரந்தது. அதுவும் நீங்க, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விழித்தெழுகின்றது. ஒரு வாரத்துள் புடைப்புத் தூண்டும் ஓமோன் உயர, சூலகத்தில் முட்டையைத் தாங்கிய புடைப்பு வளர்கின்றது. அது வெடிக்க லூட்டினாக்கும் ஓமோன் வேண்டும். அதன் சேமிப்போ சினைக்காலத்தில் வற்றிவிட்டது. மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று வாரமாகும்.

நிரம்பிய பின்னும் தடையுண்டு. யாழ்ப்பாணத்தில் நாம் கன்றை ஊட்டவிட்டே கறந்தோம். ஊட்டுவது தன் கன்றே எனக் கண்டும் மோந்தும் அறிந்த தாயின் மூளை, அவ்வோமோனை அடக்கிவிடும். கறத்தல் மட்டும் அவ்வாறு அடக்குவதில்லை. இங்கோ கன்றைப் பிறந்தவுடனேயே பிரித்துவிடுகின்றனர். ஆயினும் சில பசுக்கள் தாமதிக்கின்றன. காரணம் பசி! ஈன்ற சில வாரங்களில் ஹோல்ஸ்டீன் பசு நாளொன்றுக்கு 30 லீற்றருக்கு மேலும் கறக்கும். தின்னும் தீனி போதாமல் தன் கொழுப்பையே கரைக்கின்றது. தொட்டி நிறையத் தீனியிருந்தும் உடல் பஞ்சத்தை உணர்ந்து அடுத்த கருவை ஒத்திவைக்கின்றது. நன்கு பேணிய பசுவில் மூன்று நான்கு வாரத்தில் முதன்முட்டை வெளிப்படும். மெலிந்ததில் இரண்டு மாதமும் செல்லலாம். அடுத்த ஈற்றுப் பிந்தினாற் பண்ணையாளருக்கு நட்டம்.

முதன்முறை பசு பெரும்பாலும் கத்தாது, குறி காட்டாது. ஆதலாற் பாலையே சோதிக்கலாம். முட்டை வெளிப்பட்ட இடத்திற் புதிய மஞ்சட்சடலம் தோன்றிச் சுரக்கும் புரோஜெஸ்தரோன் பாலில் இறங்கிவிடும். சினையுற்ற பின்னும் பல மாதம் கறப்பதால், நாம் வாங்கும் பாலில் அது இருந்தே தீரும்.

தாய்மார் கேள்வியுற்றது வேறொன்று: பாலைப் பெருக்க ஊசிமூலம் ஏற்றும் வளர்ச்சி ஓமோன். அதனை ஐக்கிய அமெரிக்கா 1993 இல் அனுமதித்தது. கனடா 1999 இல் மறுத்துவிட்டது. புரோஜெஸ்தரோனோ பாலைக் காய்ச்சினாலும் அழியாது. கொழுப்பிற் கரைவதால் ஆடை நீக்கிய பாலிற் குறைவாக இருக்கும். குடித்ததன் பெரும்பகுதியை நம் ஈரல் சிதைத்துவிடுகின்றது.