கயிற்றின் நிறம்

காலை எட்டரை மணிக்குப் பாளையங்கோட்டைத் தெருவெல்லாம் சீருடைதான். நான் போயிருந்த கத்தோலிக்கப் பள்ளியின் வாசலில் பி.டி. சார் நின்றிருந்தார். முடிவெட்டு, ஷூ எல்லாவற்றையும் ஒரே பார்வையில் முடித்தவர், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை மட்டும் நிறுத்தினார்.

“கைய நீட்டுல.”

முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றினான். மணிக்கட்டில் இரண்டு நிறம் முறுக்கிய கயிறு. “கோயில் கொடைக்குக் கட்டுனது சார்” என்றான். சார் அடிக்கவில்லை. “சாயங்காலம் அப்பாவக் கூட்டிட்டு வா, பேசுவோம்” என்று உள்ளே அனுப்பினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் கயிறு. இங்கே நிறத்தைப் பார்த்தே பையன் என்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் கயிற்றுத் தகராறில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் செத்தே போனான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்.

‘வாத்தியார் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியதால்தான் இந்தக் கதி’ என்று பெற்றோரே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் படித்ததும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில்தான். பிரம்படி, முட்டி போடுவது எல்லாம் தாராளமாகக் கிடைத்தது. சேர்ந்து அடி வாங்கிய நாங்கள், மத்தியானம் சாதி வாரியாகப் பிரிந்துதான் டிபன் பாக்ஸைத் திறந்தோம். அதை எந்தப் பிரம்பும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடியைத் தடை செய்துவிட்டார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கைகொடுக்க அவர்கள் சரித்திரத்திலேயே ஒன்று இருக்கிறது. இதே மாவட்டத்து வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நடுக்கூடங்கள். வெள்ளாளர் முதலானோர் ஒரு பக்கம், நாடார்கள் மறுபக்கம், பீடம் மட்டும் பொது. கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்த கோயில். இயேசு சபைக் குரு கௌசானல் 1910-இல் இரண்டையும் பிரித்த தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனியிடம் கேட்க உரிமையில்லை என்றே முடிந்தது. தன் பங்கு மக்களே எதிர்த்து நின்றபோதும் ஒரு சாமியார் பின்வாங்காத மண் இது.

அந்தத் துணிச்சல் இன்று வகுப்பறைக்குத் தேவை. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கை வழி சொல்கிறது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது. அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் நல அலுவலர் ஒருவர் வேண்டும். இதில் கடைசிதான் முக்கியம் என்பேன். அடிபட்டவன் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் திரும்புவதில்தான் எல்லாம் கெடுகிறது.

ஃபாதர்களே, சிஸ்டர்களே, அகரவரிசைக்கு அரசாணை எதற்கு? நாளைக் காலையே பெஞ்சுகளை மாற்றலாம். பெற்றோரே, இன்று ராத்திரி உங்கள் பிள்ளை சாப்பிட உட்காரும்போது அவன் கையைப் பாருங்கள். கயிறு இருந்தால், கட்டிவிட்டது யார் என்று கேளுங்கள்.