இன்ஸ்பெக்டர் போனார், ஆப் வந்தது

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்னால் கிராமத்துத் தொடக்கப்பள்ளி வாத்தியாருக்கு ஆண்டாய்வு என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். டெபுடி இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு, பதிவேடுகளுக்குப் புது அட்டை, விடிய விடிய உட்கார்ந்து எழுதி முடித்த பாடக்குறிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு யார் வீட்டுக் கோழி என்பதுவரை முடிவாகிவிடும். வந்தவர் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். பையன் திணறினால் பிள்ளைகள் முன்னாலேயே வாத்தியாருக்கு அர்ச்சனை நடக்கும். பிறகு சாப்பாடு, வெற்றிலை, பார்வையாளர் புத்தகத்தில் நாலு வரி. அவர் சைக்கிள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் மீதி வருடம் பள்ளிக்கூடம் ஹெச்.எம். கையில்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியரின் வேலையும் மாறுதலும் ஒன்றியத் தலைவரின் தயவில் இருந்தன. தேர்தலில் எந்தப் பக்கம் நின்றார் என்று பேச்சு கிளம்பினால் போதும், பேருந்து போகாத ஊருக்கு உத்தரவு வந்துவிடும். உதவிபெறும் பள்ளிகளில் மேனேஜர் வைத்ததே சட்டம். சம்பளப் பட்டியலில் கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறொரு தொகை என்பது பல ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பெண் ஆசிரியர்களின் பாடு இன்னும் மோசம். பிரசவ விடுப்புக் கேட்கவே கூசிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்.

இவற்றையெல்லாம் மாற்றியது சங்கங்களின் போராட்டமும் சட்டமும். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன்அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஆசிரியரை வேலைநீக்கம் செய்ய முடியாதபடி தடுத்தது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். மாறுதல், சிபாரிசுக் கடிதத்திலிருந்து கலந்தாய்வுக்கு நகர்ந்தது. மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதம், 2016-ல் ஒன்பது மாதம், 2021-ல் ஒரு வருடம் என்று கூடியது. அடியும் விழாமல் இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டாலும், வேலைநிறுத்தம் உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சொன்னதுதான்.

ஆக, இன்றைய அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்றியத் தலைவரிடமோ மேனேஜரிடமோ பயமில்லை. ஆனாலும் ஓய்வறையில் கேட்கிற புலம்பல் குறையவில்லை. எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

ஓர் ஈராசிரியர் பள்ளியின் காலையைப் பாருங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் ஹெச்.எம். பிரார்த்தனை முடிந்ததும் முதல் வேலை, சொந்த செல்போனில் கல்வித்துறையின் ஆப்பைத் திறந்து வருகைப் பதிவு. நெட் கிடைக்காத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடப்பார். பதிவாவதற்குள் வாட்ஸ்அப் குழுவில், ‘மிக மிக அவசரம், இன்று மாலைக்குள்’ என்று ஒரு படிவம் வந்து விழும். போன மாதம் கொடுத்த அதே விவரம், கட்டங்கள் மட்டும் வேறு. நிகழ்ச்சி நடத்தினால் போதாது, போட்டோ ஏற வேண்டும். ஹெச்.எம். கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதற்கு நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. இந்த ஆன்லைன் பதிவுகளோ பள்ளிக்குள்ளேயே நடப்பதால் அந்தக் கணக்கில் சேருவதில்லை.

இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒரு தடவை வந்தார். ஆப் தினமும் வருகிறது. இன்ஸ்பெக்டரிடம், “ஐயா, இந்தப் பையன் மூணு மாசமா ஆடு மேய்க்கப் போயிட்டான்” என்று சொல்ல முடிந்தது. சிலர் காதில் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. ஆப்பில் அதை எழுதக் கட்டமே கிடையாது. “நாங்க என்ன சார் பண்றது, மேல இருந்து வருது” என்று ஹெச்.எம். சொல்வார். வட்டாரக் கல்வி அலுவலரும் (பி.இ.ஓ.) முதன்மைக் கல்வி அலுவலரும் (சி.இ.ஓ.) அதையேதான் சொல்வார்கள்.

கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை என்பதில்தான் ஆசிரியர்கள் நொந்துபோகிறார்கள். கற்பிக்கும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தது. 2012-13-ல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும். 2022-ல் எண்ணும் எழுத்தும். ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பயிற்சி முகாமில், ‘இனிமேல் இப்படி’ என்று அறிவிப்பாகத்தான் இறங்கியது. முந்தையது உங்கள் வகுப்பில் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு யாரும் அடுத்ததைத் தொடங்கவில்லை என்பதுதான் மூத்த ஆசிரியர்களின் மனக்குறை. மேல்நிலைப் பள்ளியில் ரிசல்ட் வந்ததும் மீளாய்வுக் கூட்டம். தேர்ச்சி குறைந்த பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புவரை கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை என்பது அங்கே பதிலாகாது, சாக்கு. இன்னும் வாயைத் திறந்தால் 17பி பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை வரும் என்ற பயம் வேறு.

சுயநிதிப் பள்ளிகளில் பழைய மேனேஜரே கோட்டு போட்டுக்கொண்டு கரஸ்பாண்டென்ட் ஆகியிருக்கிறார். அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டுவது, கோடை விடுமுறையில் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புவது, பாதி வருடத்தில் விலகினால் சில மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வது என்று அந்த ஆசிரியர்கள் சொல்லும் கதைகள் ஏராளம். அவர்களுக்காகப் பேச வலுவான சங்கமும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியரின் மனக்குறை இவர்கள் காதில் விழுந்தால், கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

அரை நூற்றாண்டில் ஆசிரியர்கள் போராடி வாங்கியது வேலைக்கான பாதுகாப்பு. வேலையில் ஒரு சொல் சொல்லும் இடத்தை அவர்கள் அப்போதும் பெறவில்லை, இப்போதும் பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில், வாசலில் நின்று ‘இது எங்கள் பள்ளிக்கு ஒத்துவராது’ என்று சொல்லக்கூடிய ஹெச்.எம்.மும் செய்தியை ஃபார்வேர்டு செய்கிறவராகச் சுருங்கிவிட்டார். பதிவு வேலைக்குத் தனி ஆள் போடுவது நல்லதுதான், ஆசிரியருக்கு நேரம் மிச்சமாகும். ஆனால் அது மட்டும் போதாது. அந்த மிச்ச நேரத்தில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொல்லும் கருத்து, மினிட்ஸ் நோட்டைத் தாண்டி மேலே போய், ஒரு பதிலோடு திரும்பி வர வேண்டும். மேலிருந்து கீழே ஒரு நொடியில் செய்தி அனுப்பத் தெரிந்த துறைக்கு, கீழிருந்து மேலே வாங்குவது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல.