விரட்டினாலும் ஓயாத ஆட்டம்

மார்கழி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் பிரெஞ்சும் ஜெர்மனும் தமிழோடு கலந்து காதில் விழும். மேற்கத்தியர்களுக்கு இந்த இடத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் பால் பிரண்டன். ரமணரைச் சந்தித்ததைச் சொல்லும் அவரது நூல் 1934-ல் வெளியானது. அடுத்து அவர் எகிப்துக்குப் போனார்; பெரிய பிரமிடுக்குள் ஓர் இரவைக் கழித்து அதையும் எழுதினார். அதே காலத்தில் கெய்ரோவில் இரவுதோறும் வேறொரு எகிப்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தின் மேடை, பதியா மஸப்னி என்ற கலைஞர் 1926-ல் திறந்த அரங்கு. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் தஹியா கரியோக்கா, சாமியா கமால் இருவரும் அங்கேதான் தேறினார்கள். ‘ரக்ஸ் ஷர்க்கி’ எனப்படும் தனி ஆட்டம் (மேற்கில் ‘பெல்லி டான்ஸ்’) இன்றைய மேடை வடிவம் பெற்றதில் அந்த அரங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்கு முன் ஆட்டம் தெருவிலும் கல்யாண வீட்டிலும் இருந்தது. கவாஸி எனப்படும் பெண்கள் பரம்பரையாக ஆடிவந்தார்கள். 1834-ல் ஆட்சியாளர் முகமது அலி அவர்களைக் கெய்ரோவிலிருந்து விரட்டினார். தெற்கே எஸ்னா, கெனா போன்ற ஊர்களில் போய் ஒதுங்கினார்கள். இதைப் படிக்கிற தமிழருக்கு, பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர் நினைவு வராமல் போகாது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடியது முழு நியாயம். 1947-ல் வந்த சட்டம் அவசியமானது. ஆனால் தலைமுறைகளாகச் சதிரைக் காத்த குடும்பங்களில் பல, மேடையை இழந்தன. புகழ் ஆட்டத்துக்கு, இழிவு ஆடியவளுக்கு என்று பங்கு பிரித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

எகிப்திய ஆட்டம் என்று துபாய் பாலைவன முகாம்களில் நம்மவர் பலர் பார்த்திருப்பது பளபளக்கும் உடையையும் வேகத்தையும்தான். நிதானத்தைப் பார்க்க வேண்டுமானால் அதன் ‘பலதி’ வகைக்கு வர வேண்டும். முதலில் அக்கார்டியன் மட்டும், தாளக்கட்டு இல்லாமல், இழுத்து இழுத்து வாசிக்கும். ஆடுபவர் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டார். தோள் அமைதியாக இருக்க, இடுப்பு மட்டும் மெல்ல உருளும். பிறகு தபலா நுழையும். எகிப்தில் தபலா என்பது குடுவை வடிவத் தோல்கருவி. அக்கார்டியன் கேள்வி கேட்கும், தபலா பதில் சொல்லும். அந்த அடி விழும் கணத்திலேயே இடுப்பும் ‘டக்’கென்று விழும். பெரும்பாலும் முன்கூட்டிக் கோத்த வரிசை எதுவும் கிடையாது. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஒரே பத வரியைப் பல பாவங்களில் விரித்தாரே, அந்த மனோதர்மம்தான் இதுவும்.

அண்ணாமலையார் கோயிலுக்கு வருகிறவர்கள் ராஜகோபுர வாசலில் சற்று நின்று கரணச் சிற்பங்களைப் பாருங்கள். வளையும் இடுப்பையும் மடங்கும் முழங்காலையும் கூச்சமின்றிக் கல்லில் வைத்த ஊர் இது. வீடு திரும்பியதும் சாமியா கமால் நடித்த ‘அஃப்ரீதா ஹானிம்’ (1949) படத்தைத் தேடிப் பாருங்கள். உடையை விடுங்கள், தாளத்தைக் கவனியுங்கள்.