கருவிழிக்கு 14 நாள் தவணை

மதுரையிலிருந்து சிவகங்கை போகும் சாலையில், வீரபாஞ்சானில் இருக்கிறது ஆரோலேப். அரவிந்த் கண் மருத்துவமனையின் தேவைக்காக 1992இல் மலிவு விலை கண் லென்ஸ் செய்யத் தொடங்கிய நிறுவனம். அங்கே தயாராகும் ‘கார்னிசால்’ என்ற திரவத்தைப் பற்றி வெளியே அதிகம் பேச்சில்லை. தானமாக வந்த கருவிழி, இன்னொருவர் கண்ணில் பொருத்தப்படும்வரை இதில்தான் மிதக்கும்; இதுதான் அதற்குச் சாப்பாடு.

இறந்தவரின் கருவிழிக்கு எதற்குச் சாப்பாடு? ஆள் போனாலும் அதன் செல்கள் உடனே சாவதில்லை. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் படிந்திருக்கின்றன. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவரைப் போல, கருவிழிக்குள் கசியும் நீரை இவை ஓயாமல் வெளியேற்றுகின்றன. வேலை நின்றால் கருவிழி உப்பி, மங்கிவிடும். நம் உடலில் இவை பெருகுவதும் இல்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

இந்தத் திரவத்தின் பூர்வீகம் டொரன்டோ. 1950 வரை உடலுக்கு வெளியே செல் வளர்க்க ரத்த நீரும் கோழிக்கரு சாறும் ஊற்றினார்கள். ஒருநாள் சாறு மறுநாள் சாறு போல இருக்காது. அங்கிருந்த ஆய்வாளர்கள் மார்கன், மார்ட்டன், பார்க்கர் மூவரும் அமினோ அமிலம், வைட்டமின், உப்பு, சர்க்கரை என ஒவ்வொன்றையும் நிறுத்துக் கலந்து, 1950இல் ‘மீடியம் 199’ஐ வெளியிட்டார்கள். சால்க்கின் போலியோ தடுப்பூசிக்குக் குரங்குச் சிறுநீரகச் செல்களை வளர்த்தது இதில்தான்.

1974இல் கருவிழியைக் காப்பதற்காக, மெக்கேரி, காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இதனுடன் டெக்ஸ்ட்ரான் சேர்த்தார்கள். பெரிய மூலக்கூறு, நீரை வெளியிலேயே பிடித்துவைத்து, கருவிழி உப்பாமல் தடுக்கும். அதில் கருவிழி நான்கு நாள் தாங்கியது. அந்த வழியில் வந்த கார்னிசாலில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட், இன்சுலின், கிருமிக்கொல்லி மருந்துகள் எல்லாம் உண்டு. குளூட்டமின் என்ற அமினோ அமிலம் சாதாரண வடிவில் கரைசலில் சிதைந்து அம்மோனியா விடும் என்பதால், சிதையாத வடிவில் சேர்க்கிறார்கள். இது செல்லை வளர்க்கும் கரைசல் அல்ல, காக்கும் கரைசல். குளிரில் வைத்துச் செல்லின் பசியைக் குறைத்துவிடுவதால், 14 நாள் வரை தாங்கும்.

அந்தக் கூடுதல் பத்து நாளைத்தான் பெரிய லாபம் என்பேன். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கலாம். வெளியூர் நோயாளியை வரவழைக்கலாம். நள்ளிரவில் அவசரமாக அறுவை செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் செல்கள் நாளுக்கு நாள் குறையத்தான் செய்யும். சீக்கிரம் பொருத்துவதே நல்லது.

கண்ணை எடுப்பதற்கு முன் கழியும் நேரத்தை எந்தக் கரைசலாலும் மீட்க முடியாது. வீட்டில் இறப்பு நேர்ந்தால் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, உடனே கண் வங்கியை அழையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.