நியூயார்க்கின் மனித உரிமை ஆணையம்: அதிகாரம் வந்த வழி

நியூயார்க் நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரை அவருடைய நிறத்துக்காகவோ, மதத்துக்காகவோ, கையில் குழந்தைகள் இருப்பதற்காகவோ உரிமையாளர் திருப்பி அனுப்பினால் அது சட்டவிரோதம். இதை விசாரிப்பது போலீஸ் அல்ல. மனித உரிமை ஆணையம் என்ற நகர நிர்வாகத் துறை. அதற்குச் சொந்தமாக வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டளை அனுப்பலாம், அபராதம் போடலாம், வீட்டைக் கொடு என்று உத்தரவிடலாம். ஒரு மாநகராட்சிக்கு இவ்வளவு அதிகாரமா என்று நமக்கு வியப்பாக இருக்கும். அந்த நகரத்துக்கும் இது ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை.

1943 ஆகஸ்ட் 1 அன்று, நகரத்தில் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், ஒரு ஹோட்டலில் கறுப்பினப் பெண் ஒருவரை வெள்ளைக்காரப் போலீஸ்காரர் கைது செய்ய முயன்றார். ராணுவத்தில் இருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் குறுக்கே வந்தார். அவர்மீது குண்டு பாய்ந்தது. காயம்தான், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் செத்துவிட்டார் என்று வதந்தி பரவியது. விடிவதற்குள் தெருத்தெருவாகக் கடைகள் உடைந்தன. ஆறு பேர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். ஒரு வதந்தி அவ்வளவு தூரம் பற்றியதற்குக் காரணம் அதற்கு முன்பே இருந்தது. எல்லாரையும் விட அதிக வாடகை கொடுத்து மோசமான வீட்டில் குடியிருந்த, போர்க்காலத் தொழிற்சாலையிலும் வேலை மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் ஆத்திரம் அது.

மறு ஆண்டு மேயர் லா கார்டியா ஒற்றுமைக் குழு ஒன்றை அமைத்தார். மதிப்புக்குரிய பெரியவர்கள் அதில் உட்கார்ந்தார்கள், ஆராய்ந்தார்கள், ஆலோசனை சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய அவர்களுக்கு வழியில்லை. மேயர் அமைத்த குழு என்பதால் சட்டத்தின் பலம் அதற்குக் கிடையாது. 1955-இல்தான் நகர்மன்றம் சட்டம் இயற்றி, பல்வேறு சமூகங்களுக்கிடையே நல்லுறவை வளர்ப்பதற்கான நிரந்தர ஆணையம் ஒன்றை உருவாக்கியது. 1957-இல் தனியார் வாடகை வீடுகளிலும் இன, மதப் பாகுபாடு கூடாது என்று நகரம் சட்டம் போட்டது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதலாவது. 1962-இல் ஆணையம் இன்றைய பெயருக்கு மாறியது. 1965-இல் வேலை, வீடு, பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் ஆகிய மூன்றிலும் நடக்கும் பாகுபாட்டை விசாரித்து வழக்கு நடத்தும் அதிகாரம் அதன் கைக்கு வந்தது. ஆக, கலவரத்திலிருந்து கணக்கிட்டால் 22 ஆண்டுகள்.

இந்த வரலாற்றை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஆணையம் அமைத்துவிட்டோம் என்று எந்த ஊரில் அறிவித்தாலும் நான் முதலில் பார்ப்பது அதை எது பெற்றெடுத்தது என்பதைத்தான். தலைவர் ஒருவரின் உத்தரவில் பிறந்த குழுவை அடுத்த தலைவர் கலைத்துவிடலாம். சட்டத்தில் பிறந்ததைக் கலைக்க வேண்டுமானால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்; அதை ஊரறிய மன்றத்தில் வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

நியூயார்க் ஆணையத்துக்கு இரண்டு அடித்தளம். ஒன்று நகர சாசனம். அது நகரத்துக்கு அரசியலமைப்பு மாதிரி. அதன் 40-ஆம் அத்தியாயம், ஆணையம் இருக்க வேண்டும், அதில் 15 உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களை மேயர் நியமிக்க வேண்டும் என்கிறது. தலைவர் முழுநேரமாக இதே வேலையில் இருக்க வேண்டும். வேறு தொழிலோ உத்தியோகமோ வைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற 14 பேருக்குச் சம்பளம் கிடையாது, மூன்றாண்டுப் பதவிக்காலம். இன்னொன்று நகர நிர்வாகச் சட்டத் தொகுப்பின் எட்டாம் பகுதி. எது பாகுபாடு, யாரை எதற்காக ஒதுக்கக் கூடாது, ஒதுக்கினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில்தான்.

ஒரு நகரம் இப்படிச் சட்டம் போடலாமா என்ற கேள்வி எழும். மாநில அரசியலமைப்பே நகரங்களுக்குத் தன்னாட்சி கொடுத்திருக்கிறது. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் தனித்தனியாகப் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் உண்டு. நகரம் அவற்றிலிருந்து கீழே இறங்க முடியாது, மேலே போகலாம். நியூயார்க் நிறையவே மேலே போயிருக்கிறது. வேலையிடப் பாகுபாட்டுக்கான தேசியச் சட்டம் 15 ஊழியர்களுக்குக் குறைந்த நிறுவனங்களைத் தொடாது. நகரச் சட்டம் நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும். பாலியல் தொல்லை என்றால் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் பொருந்தும். பெரிய நிறுவனமே ஆனாலும், மனவேதனைக்கும் தண்டனையாகவும் கொடுக்கும் இழப்பீட்டுக்குத் தேசியச் சட்டம் 3 லட்சம் டாலரில் உச்சவரம்பு கட்டியிருக்கிறது. நகரச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை.

நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல், தேசியச் சட்டத்துக்குச் சொன்ன விளக்கத்தையே நகரச் சட்டத்துக்கும் சொல்லிவந்தன. அதனால் 2005-இல் நகர்மன்றம் மறுபடி ஒரு சட்டம் இயற்றி, எங்கள் சட்டத்தைத் தனியாக, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று எழுதியது. அதன் பலன் பெரிது. தேசியச் சட்டப்படி தொல்லை கடுமையானதாகவோ ஓயாததாகவோ இருந்தது என்று காட்ட வேண்டும். நகரச் சட்டத்தில், இன்ன காரணத்தால் என்னை மற்றவர்களைவிடத் தாழ்வாக நடத்தினார்கள் என்று காட்டினால் போதும்.

சட்டம் பாதுகாப்பவர்களின் பட்டியலும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1986-இல் ஒருபாலீர்ப்பு கொண்டவர்களுக்கும், 2002-இல் திருநர்களுக்கும் பாதுகாப்பு வந்தது. 2008-இல் அரசு தரும் வாடகை வவுச்சரோடு வருகிறவருக்கு அதைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றார்கள். 2015 முதல், வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன்னால் குற்றப் பின்னணியைப் பற்றிக் கேட்கக் கூடாது. 2023-இல் உயரமும் எடையும் சேர்ந்தன.

இனி ஒரு புகார் போகும் வழி. புகார் கொடுக்கக் காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம். குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். பாலின அடிப்படையிலான தொல்லைக்கு மூன்றாண்டு. ஆணையத்தின் சட்ட அமலாக்கப் பிரிவு அதை எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பதில் வந்ததும் விசாரணை. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. விசாரணை நடத்தும் வழக்கறிஞர் புகார்தாரரின் வக்கீல் அல்ல. அவர் ஆணையத்தின் வக்கீல், நகரத்தின் சார்பில் நிற்கிறார். உங்கள் பக்கம் மட்டும் பேச ஒருவர் வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

பாகுபாடு நடந்திருக்கிறது என்று நம்பப் போதுமான முகாந்திரம் தெரிந்தால், வழக்கு நிர்வாக விசாரணைகளுக்கென்றே உள்ள வேறொரு நகர அலுவலகத்துக்குப் போகிறது. விசாரித்தவரே தீர்ப்பும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அங்குள்ள நீதிபதி சாட்சிகளைக் கேட்டுப் பரிந்துரை எழுதுவார்; அதைப் பார்த்து ஆணையம் இறுதி உத்தரவு போடும். ஏற்காதவர் 30 நாளுக்குள் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். இடையில் எந்தக் கட்டத்திலும் சமரசம் பேசி முடித்துக்கொள்ள இடமுண்டு. புகார் கொடுத்ததற்காக யாரையாவது பழிவாங்கினால், அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

அபராதம் 1,25,000 டாலர் வரை. வேண்டுமென்றே, வன்மத்தோடு செய்திருந்தால் 2,50,000 வரை. அபராதம் நகரக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தனி. இழந்த சம்பளத்தைக் கொடு, வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு என்றெல்லாம் உத்தரவிடலாம்.

ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது, புகார் வரும்வரை காத்திருக்காமல் ஆணையம் தானாகவே விசாரிக்கலாம் என்பதுதான். வீடு மறுக்கப்பட்டவர்களில் பலருக்கு ஏன் மறுத்தார்கள் என்றே தெரியாது. ‘நேற்றே போய்விட்டதே’ என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினால் எதை வைத்துப் புகார் எழுதுவது? அதற்காகவே ஆணையம் சோதனையாளர்களை அனுப்புகிறது. ஒரே மாதிரி வருமானமும் குடும்பமும் சொல்லி இரண்டு பேர் அதே வீட்டைக் கேட்பார்கள். ஒரே வித்தியாசம், ஒருவர் கறுப்பினத்தவர், அல்லது ஒருவர் வாடகையை வவுச்சரில் கட்டுவேன் என்பார். அவருக்கு வீடு இல்லை, பத்து நிமிடம் கழித்துக் கேட்ட மற்றவருக்குச் சாவியோடு தரகர் வந்து நிற்கிறார் என்றால், தனியாக யாராலும் நிரூபித்திருக்க முடியாதது அங்கே நிரூபணமாகிவிடுகிறது.

அந்த வவுச்சர் சட்டத்தின் வலு 2024-இல் தெரிந்தது. நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பார்க்செஸ்டர் என்ற மிகப் பெரிய குடியிருப்பில் வவுச்சர்காரர்களுக்கு வீடு மறுக்கப்படுவதாக எழுந்த வழக்கில், நிர்வாக நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டவும் 850 வீடுகளை வவுச்சர்காரர்களுக்கு ஒதுக்கவும் ஒப்புக்கொண்டது. பணத்தைவிட அந்த 850 வீடுகள்தான் முக்கியம். வீட்டு விஷயத்தில் மட்டுமல்ல; இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடாவின் கடையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பொம்மைகள் வைத்திருந்த விவகாரத்தில், 2020-இல் ஏற்பட்ட உடன்பாடு நியூயார்க் ஊழியர்களோடு மிலானில் இருக்கும் மேலதிகாரிகளையும் பயிற்சிக்கு உட்கார வைத்தது.

குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தலைவரை மேயர் நியமிக்கிறார்; அவர் விரும்பும்வரைதான் தலைவர் பதவியில் இருக்கலாம். ஆணையமோ போலீஸ் உட்பட மேயரின் கீழ் இயங்கும் துறைகளையே விசாரிக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞர்களுக்கான பணமும் ஆண்டுதோறும் மேயரும் நகர்மன்றமும் ஒதுக்குவது. ஆட்கள் குறைந்தால் கோப்புகள் தேங்கும். சட்டம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் விசாரிக்க ஆளில்லாவிட்டால் புகார்தாரருக்கு அதனால் பயனில்லை. இதற்கு மாற்று வழியாகத்தான் 1991-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, ஆணையத்துக்குப் போகாமல் நேராக நீதிமன்றத்துக்கே போகும் உரிமையைத் தனிமனிதருக்கும் கொடுத்தார்கள். அதற்குக் கெடு மூன்றாண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

எல்லா ஊரும் ஒரே மாதிரி அமைத்துக்கொள்ளவில்லை. சியாட்டிலில் 1963 முதல் இருக்கும் மனித உரிமை ஆணையம் நகரத்துக்கு ஆலோசனை சொல்லும் தன்னார்வலர் அமைப்பு. புகாரை விசாரிப்பது குடிமை உரிமைகள் அலுவலகம் என்ற தனித் துறை. தமிழர்கள் இந்த நகரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரி 21 அன்று, நகர்மன்ற உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்ட முன்வரைவின் பேரில், சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனது. நம்மோடு கப்பலேறிப் போன நோய்க்கு அங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது நமக்குப் பெருமை அல்ல. ஆனால் அலுவலகத்தில் சாதி கேட்கப்பட்டுக் கூனிக்குறுகி நின்ற ஒருவருக்கு, புகார் எழுத இப்போது ஒரு முகவரி இருக்கிறது.

நியூயார்க்கில் உங்கள் பிள்ளையோ உறவினரோ இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். அவமானம் நடந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் அழிக்கக் கூடாது. 311 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆணையத்துக்கு இணைப்பார்கள். பெரும்பாலான புகார்களுக்குக் கெடு ஓராண்டுதான். அது தவறினால் ஆணையத்தின் கதவு மூடிவிடும்.