பனிநிலத்து முன்னோர்

உலகின் வடகோடியில், ஆண்டின் பெரும்பகுதி பனியால் மூடப்பட்டுக் கிடக்கும் நிலப்பரப்பு ஆர்க்டிக் எனப்படும். உழவிற்கு இடந்தாராத அந்நிலத்தில், கடல்நாயையும் திமிங்கிலத்தையும் பனிமானையும் வேட்டையாடி வாழக் கற்றவர் இனூயிட் மக்கள். கிழக்கே கிரீன்லாந்து முதல் மேற்கே அலாஸ்கா வரை அவர்கள் பரவியுள்ளனர். கிரீன்லாந்தில் பிறந்த நட் ராஸ்முசன் என்னும் அறிஞர், 1921 முதல் 1924 வரை, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அப்பரப்பைக் கடந்தார். பிறந்த ஊரின் மொழியைக் கொண்டே அவர் நெடுவழியிலும் இனூயிட் மக்களோடு உரையாட இயன்றது.

ஆயினும், அந்நிலத்தின் முதற்குடிகள் தாங்கள் அல்லர் என்பதை இனூயிட் முதியோரே வழிவழியாகக் கூறி வந்தனர். தங்கட்கு முன் அங்கு 'துனீத்' என்போர் வாழ்ந்தனர் என்றும், அவர்கள் உடல்வலி மிக்கவரேனும் கூச்சமுடையோர் என்றும், புதியவரைக் கண்டு விலகிப் போயினர் என்றும் அக்கதைகள் கூறும். நிலத்தை அகழ்ந்தோர்க்கும் இனூயிட் கருவிகளின் வேறான பழங்கருவிகள் கிடைத்தன. எனினும், கருவி மாறியது கொண்டு குடியே மாறிற்று எனத் துணிதல் இயலாது. மட்கலம் நீக்கிப் பித்தளைக்கலம் கொண்ட வீட்டார் வேறு குடியினர் ஆகிவிடுவரோ?

இவ்வையத்தைத் தீர்க்க உதவியது ஒரு முடிக்கற்றை. மேலைக் கிரீன்லாந்தில் 1986-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வில், உறைந்த மண்ணிலிருந்து அஃது எடுக்கப்பட்டது. அதற்குரிய மனிதன் ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தவன். முடியில் எஞ்சியிருந்த மரபணுவை அறிஞர் படித்தறிந்து 2010-இல் வெளியிட்டனர்.

மரபணு உறவுரைக்கும் முறையை ஏட்டுச்சுவடி கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்று எழுதுங்கால் சிறுசிறு பிழைகள் நேரும். அவற்றைப் பெயர்த்தெழுதுவோர் அப்பிழைகளையும் சேர்த்தே எழுதிச் செல்வர். ஒரே பிழைகளை உடைய சுவடிகள் ஒரு மூலத்தின் வழி வந்தவை எனப் பதிப்பாசிரியர் உணர்வர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுவிலும் இத்தகைய சிறு மாற்றங்கள் தோன்றி வழிவழியாகத் தொடர்கின்றன. அவற்றைப் பிழை என்பது பொருந்தாது; பெரும்பாலானவற்றால் தீங்கேதும் இல்லை.

அம்மனிதனின் கண்கள் பழுப்பு நிறத்தன. தலை வழுக்கையாகும் இயல்பும் இருந்தது. இவற்றினும் வியப்பு ஒன்று உண்டு. அவனுக்கு நெருங்கிய உறவினர் அதே தீவில் இன்று வாழும் இனூயிட் மக்கள் அல்லர். கடல் கடந்து, ஆசியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி, கோர்யாக் மக்களே ஆவர். அவன் முன்னோர் ஏறக்குறைய 5,500 ஆண்டுகட்கு முன் சைபீரியாவினின்று தனியே புறப்பட்டு வந்தோர் எனக் கணித்தனர்.

2014-இல் மேலும் பலருடைய எலும்பும் பல்லும் முடியும் ஆராயப்பட்டன. அத்தொல்குடியினர் கனடாவின் வடபாலும் கிரீன்லாந்திலும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் பெரும்பாலும் பிறரோடு கலவாது வாழ்ந்து, சுமார் 700 ஆண்டுகட்கு முன் மறைந்தனர் எனத் தெளிந்தது. இனூயிட் மக்களின் முன்னோரோ, சுமார் 1,000 ஆண்டுகட்கு முன்னரே தோற்படகும் நாய்வண்டியும் கொண்டு அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியோர். முதியோர் கூறிய துனீத் கதை வெறுங்கற்பனையன்று.

ஆனால், அத்தொல்குடியின் மரபு முற்றும் அழிந்ததென்றும் கூறுதற்கில்லை. அதன் ஒரு கிளையினர் மேற்கில் பிற மக்களோடு கலந்தனர் என 2019-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அலாஸ்காவிலும் கனடாவிலும் அதபாஸ்கன் மொழிகள் பேசுவோரிடத்தும், ஓரளவு இனூயிட் மக்களிடத்தும், அவர்தம் மரபணு இன்றும் காணப்படுகிறது.