தூண்டில் நரம்பு அறுவதும் முடிச்சு நழுவுவதும்

கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஏரிகளிலும் அணைக்கட்டுகளிலும் வலை கொண்டு மீன் பிடிப்பதே பெருவழக்காகும். ஆயினும் வலை இழுக்க இயலாத நீர்நிலைகள் இப்பகுதியில் அனேகம் உண்டு. பாறையைக் குடைந்து தோண்டிய இறவைக் கிணறுகளும், கருங்கல் வெட்டியெடுத்தபின் நீர் தேங்கி நிற்கும் கற்குழிகளும், கோரையும் தாமரையும் மண்டிய ஏரிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்விடங்களில் பதுங்கி வாழும் விராலைப் பிடிக்கத் தூண்டிலே தக்க சாதனம். கட்லா, ரோகு முதலிய கெண்டை இனக் குஞ்சுகளைக் குட்டையில் விடுவதற்கு முன்பு அங்குள்ள விராலை அகற்றாவிடில், விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகளிற் பெரும்பகுதி அதற்கு இரையாகிவிடும். ஆகவே தூண்டில் போடுவது பொழுதுபோக்கு மாத்திரமன்று. மீன் வளர்க்கும் குடியானவருக்கு அவசியமான ஒரு வேலையுமாகும்.

அமெரிக்க நாட்டில் ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிற் பிடிப்போர் மிகப் பலர். அது நம் கழிமுகங்களிலுள்ள கொடுவா அன்று. கொடிகளிலும் மூழ்கிய மரங்களிலும் ஒளிந்திருந்து இரையின்மேற் பாய்ந்து கவ்வும் இயல்பில் நம் விராலை ஒத்தது. நரம்பையும் முடிச்சையும் பற்றி அங்குள்ளோர் கைக்கொள்ளும் முறைகள் நமக்கும் பொருந்துவனவே.

“பெரிய மீன், நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது” என்று கூறுவது தூண்டிற்காரர் வழக்கம். உண்மையில் நல்ல நரம்பு அதன் நடுவில் அறுவது அபூர்வம். முடிச்சிட்ட இடத்திலேயோ, கல்லில் உராய்ந்த இடத்திலேயோதான் பெரும்பாலும் அறுகிறது. திரும்பி வந்த நரம்பின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் காரணம் தானே விளங்கும். நுனி பன்றியின் வாலைப் போலச் சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு நழுவி அவிழ்ந்தது என்று பொருள். சுருளின்றி முள்ளின் காதுக்கு வெகு அருகில் வெட்டினாற்போல் நின்றிருந்தால், முடிச்சை இறுக்கும்போதே நரம்பு பழுதுபட்டிருக்கலாம். அல்லது காதின் கம்பி நுனி கூராக இருந்து அதை அறுத்திருக்கலாம். நுனியும் அதற்கு மேல் சில அங்குலமும் சொரசொரத்து வெளுத்திருந்தால் கல் அல்லது மீனின் பல் காரணமாகும். கையால் இழுத்தாலே பல இடங்களில் அறுமாயின் அந்த நரம்பு வெயிலிற் கிடந்து வலுவிழந்தது. அதைக் கழித்துவிட வேண்டியதுதான். நுனியைப் பாராமல் புது முள்ளை எடுத்துக் கட்டுகிறவர் அதே காரணத்தால் அடுத்த மீனையும் இழப்பார்.

நம் முன்னோர் கைக்கொண்ட முடிச்சுகள் தவறானவையல்ல. அவை சணப்பு நாருக்கும் பருத்தி நூலுக்கும் ஏற்பட்டவை. அவ்விரண்டும் சொரசொரப்பானவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நனைந்தால் வலிமை கூடும். நாளடைவில் மக்கிப் போவதே அவற்றின் குறை. அதைத் தடுக்கவே பட்டைக் கஷாயத்தில் தோய்த்து உலர்த்தினார்கள். 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோத்தர்ஸ் என்னும் ரசாயன அறிஞர் கண்டுபிடித்த நைலான் எல்லா வகையிலும் இதற்கு மாறானது. அது மக்குவதில்லை; ஆனால் வழவழப்பாயிருப்பதால் முடிச்சு நழுவும். நீரில் ஊறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலிமை குறையும். உலர்ந்தால் அது மீளும். ஆகையால் நாரில் கட்டிய ஒற்றை முடிச்சை நைலானிலும் கட்டுவது தகாது. சாதாரண ஒற்றை முடிச்சு விழுந்த நைலான் நரம்பில் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. காற்றில் தானே விழும் சிறு முடிச்சுக்கும் இது பொருந்தும். அப்படி விழுந்த முடிச்சைப் பிரிக்க முயலாமல் அவ்விடத்தை வெட்டியெறிவதே நலம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்போருக்கு ஒரு செய்தி வியப்பளிக்கலாம். நைலான் வருவதற்கு முன் மேல்நாட்டார் முள்ளையடுத்துக் கட்டிய நரம்பு பட்டுப்புழுவிலிருந்தே கிடைத்தது. கூடு கட்டும் பருவத்துப் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து நீட்டி உலர்த்துவார்கள். ஸ்பெயின் தேசத்து மூர்சியா பிரதேசம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அந்நரம்பை உலர்ந்தபடியே முடிந்தால் வெடித்துவிடும். ஆதலால் நீரில் ஊறவைத்த பின்னரே முடிவது அவர்கள் நியமம்.

நைலானையும் நனைத்தே முடிய வேண்டும்; ஆனால் காரணம் வேறு. முடிச்சை இறுக்கும்போது சுற்றுகள் ஒன்றன்மேலொன்று உராய்ந்து சூடேறுகின்றன. அந்தச் சூட்டில் நரம்பின் மேற்புறம் கெட்டு, சுருங்கிச் சுருங்கித் தெரியும். அவ்விடமே பின்னர் அறும். நீரையோ உமிழ்நீரையோ தடவி, வெடுக்கென இழுக்காமல் நிதானமாக இறுக்கினால் இத்தீங்கு நேராது. தற்காலத்தில் விற்கும் பாலித்தீன் பின்னல் நூலுக்கு இந்த ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டும். அது நைலானைக் காட்டிலும் மிகக் குறைந்த சூட்டிலேயே உருகுவதோடு அதிகமாக நழுவவும் செய்யும்.

எத்தனையோ முடிச்சுகள் இருப்பினும் இரண்டைச் செவ்வையாகக் கற்றால் நம் வேலைக்குப் போதும்.

முதலாவது சுருள் முடிச்சு. நரம்பின் நுனியை முள்ளின் காதிற் கோத்து, வரும் நரம்பின்மேல் ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றுக. தடித்த நரம்பாயின் நான்கு சுற்றுப் போதும். மெல்லியதாயின் ஏழு வரை சுற்றலாம். பின்பு காதையடுத்துள்ள சிறு வளையத்தில் நுனியை நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய வளையத்தின் வழியாகவும் எடுத்து, நனைத்து, வரும் நரம்பை மெல்ல இழுக்க. சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி உட்கார வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மீண்டும் கட்டுக. மிஞ்சிய நுனியை ஒட்ட நறுக்காமல் அரை நெல்லளவு விட வேண்டும். முடிச்சு பளுவில் சிறிது உள்வாங்கும்போது அந்த மிச்சமே அதைக் காக்கிறது.

இரண்டாவது ‘பாலோமர்’ எனப்படும் இரட்டை மடி முடிச்சு. இதுவே எளிது, பின்னல் நூலுக்கும் இதுவே தக்கது. நரம்பை ஒரு சாண் நீளம் இரட்டையாக மடித்து, அம்மடிப்பைக் காதின் வழியே செலுத்துக. முள் நடுவே தொங்க, இரட்டை நரம்பால் ஒரு தளர்ந்த ஒற்றை முடிச்சிடுக. பிறகு மடிப்பு வளையத்தை முள்ளின்மேல் முழுவதும் போர்த்திக் கடத்தி, நனைத்து, நரம்பையும் நுனியையும் சேர்த்து இழுக்க. செவ்வையாகக் கட்டிய இம்முடிச்சுகள் நரம்பின் வலிமையில் முக்கால் பங்குக்குமேல் காப்பாற்றும்.

இரண்டு நரம்புகளை இணைக்க வலை பின்னும் முடிச்சைப் பயன்படுத்துவோர் உண்டு. வழவழப்பான நைலானில் அது நழுவும். இரு நரம்பையும் ஒரு சாண் அளவு ஒன்றன்மேலொன்று வைத்து, சேர்த்து ஒரு வளையம் செய்து, அதனுள் இரண்டையும் இரு தடவை செலுத்தி, நனைத்து, நான்கு புரிகளையும் ஒருங்கே இழுப்பது மேல்.

கட்டிய முடிச்சைச் சோதியாமல் நீரில் இடலாகாது. முள்ளை மர முளையில் மாட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, சீராக இழுத்துப் பார்க்க வேண்டும். அறுந்த நரம்பு ஈயக்குண்டோடு பின்னோக்கித் தெறித்தால் கண்ணுக்கு அபாயம் உண்டு. இது விளையாட்டல்ல.

இனி, கல்லைப் பற்றி. இந்த ஜில்லா கருங்கல் பூமி. கற்குழிகளின் வெட்டு முகங்களும், ஏரிக்கரையிற் பதித்த கற்களும், கிணற்றுப் பாறைகளும் அரம் போன்றவை. நரம்பின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் வலிமையில் பத்தில் ஒரு பங்குதானே போகும் என்று எண்ணலாகாது. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஒரே இடத்திற் கீறல் விழுந்தால் அதனினும் மிகுதி. மீன் ஒவ்வொன்றைப் பிடித்த பின்னும், முள் கல்லிற் சிக்கி விடுபட்ட பின்னும், முள்ளிலிருந்து ஒரு முழ நரம்பை விரல்களுக்கிடையே உருவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்புத் தட்டினால் அந்த நீளத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுக. விராலின் பற்கள் கூரியவை. ஆகையால் முள்ளையடுத்த ஒரு முழத்துக்கு மற்றதைவிடத் தடித்த நரம்பைச் சேர்ப்பது நலம்.

மூங்கிற் கோலில் கோலின் நுனி வளைந்து கொடுத்து மீனின் உதைப்பை ஏற்கும். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவரும் ரீல் வைத்த கோலில் அந்த வேலையை ரீலின் தடை செய்ய வேண்டும். சுருள்வில் தராசை நரம்பில் மாட்டி இழுத்து, நரம்பின் சுருளில் அச்சிட்ட வலிமையில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும்படி தடையை அமைக்கலாம். தடையை முழுதும் இறுக்கி வைப்போர் முடிச்சைக் குறை கூறுவதிற் பயனில்லை.

நரம்பை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கடை வாசலில் மாதக்கணக்காய் வெயிலில் தொங்கிய சுருளை வாங்கலாகாது. பம்புசெட்டு அறையில் டிராக்டர் பாட்டரிக்கு அருகே வைப்பதும் தவறு. கந்தகத் திராவகம் நைலானை அரித்துவிடும்.

விரால் குஞ்சு காக்கும் காலத்தில் தூண்டில் போடாதிருத்தல் நன்று. நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாய் நகருமிடத்தில் தாய் தகப்பன் மீன்கள் கீழே நிற்கும். எதை நீட்டினாலும் பாயும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுத்திரளும் அழியும். காவேரிக் கரையில் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றித் தூண்டில் கொண்டு செல்லலாகாது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அறுந்த நைலான் மக்காமல் பல ஆண்டுகள் கரையிற் கிடக்கும். நீர்க்காகத்தின் சிறகிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். மேயும் மாடு புல்லோடு முள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஏரி மீன்பாசியைக் குத்தகை விடும்போது, தூண்டில் போடுவோர் அறுந்த நரம்பைக் கரையில் விடலாகாது என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். மதகருகே மூடியுள்ள ஒரு தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, கழித்த நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி அதில் இடச் செய்யலாம். முட்களை முனை மழுக்கித் தனியே இட வேண்டும். டப்பா நிறைந்ததும் ஊராட்சியின் குப்பை சேகரிப்போரிடம் கொடுத்துவிடலாம், கரையிலேயே கொளுத்தலாகாது.